மருந்துத் தாளின் பின்பக்கம்

அம்மா படுத்த படுக்கையான பிறகு நான்கு மாதம் ஒரு வரிகூட எழுத வரவில்லை. கதையெல்லாம் அப்புறம் என்று ஒதுக்கிவிட்டு, மருந்து கொடுத்த நேரத்தைக் குறிக்கும் தாளின் பின்பக்கத்தில் இரவில் 3 வரி மட்டும் எழுத ஆரம்பித்தேன். கண்ணில் பட்டது மட்டும்தான்: போர்வை நுனியை அம்மாவின் விரல்கள் மடித்து மடித்துப் பிரித்தது, டம்ளரில் ஆறிப்போன வெந்நீர். துக்கத்தைப் பற்றி எழுத முயன்ற நாட்களில் பேனா நின்றது. பார்த்ததை எழுதினால் ஓடியது.

இன்னொன்றும் கைகொடுத்தது. கடைசி வரியை வேண்டுமென்றே பாதியில் விடுவேன். மறுநாள் எங்கே தொடங்குவது என்ற திகைப்பு இருக்காது. கண் சொக்கினால், சரி, தூங்கிவிடுவேன்.

நேற்று ஒரு தாளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "போர்வையை நானா மடிச்சேன்?" என்று கேட்டாள்.