இடைத்தேர்தல் வருகிறதா? டெல்டா வாக்காளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்டமன்ற உறுப்பினர் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார் என்றதும் "ஆறு மாதத்தில் தேர்தல்" என்று ஊரெல்லாம் பேச்சு கிளம்பிவிடும். கடிதம் கொடுத்ததாலேயே தொகுதி காலியாகிவிடாது. அரசியலமைப்பின் 190ஆவது பிரிவுப்படி சபாநாயகர் அதை ஏற்க வேண்டும். உறுப்பினர் மனமார எழுதியதல்ல என்று தெரிந்தால் சபாநாயகர் அதை ஏற்கக் கூடாது. இடம் காலியான நாளிலிருந்துதான் 6 மாதக் கணக்கு ஓடும். பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாகவே மிச்சமிருந்தால் இடைத்தேர்தல் கட்டாயமில்லை.

அறிவித்த தேதியும் மாறலாம். கருணாநிதி மறைவால் காலியான திருவாரூருக்கு 2019 ஜனவரி 28 என்று நாள் குறித்தார்கள். கஜா புயல் நிவாரணப் பணி முடியாததால் அது ரத்தாகி, ஏப்ரல் 18இல் மக்களவைத் தேர்தலோடு நடந்தது.

தேதி வரட்டும், அப்புறம் பட்டியலைப் பார்க்கலாம் என்று காத்திருப்பதால்தான் பலர் வாக்கை இழக்கிறார்கள். கையில் அடையாள அட்டை இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் வாக்கு இல்லை. வேட்புமனுவுக்கான கடைசி நாள் தாண்டிவிட்டால் பெயர் சேர்க்க முடியாது. ஆட்சேபனைக்கு அவகாசம் தர வேண்டியிருப்பதால் அதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே மனு கொடுத்துவிடுங்கள். புதிதாகச் சேர படிவம் 6, வீடு மாறியவர்களுக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. சந்தேகம் இருந்தால் 1950க்குப் போன் செய்து கேளுங்கள்.

திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் "லீவு கிடைக்காது" என்று வராமலே இருந்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவின்படி, வாக்குப்பதிவு நாளன்று அந்தத் தொகுதி வாக்காளருக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். தினக்கூலிக்கும் இது பொருந்தும். வேலை செய்யும் இடம் தொகுதிக்கு வெளியே இருந்தாலும் உரிமை போகாது. முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிக் கேளுங்கள்.

ரொக்கப் பணத்திலும் கவனம் வேண்டும். சம்பா அறுவடை நேரத்தில் தேர்தல் வந்தால் அறுவடை இயந்திர வாடகை, ஆள் கூலி என்று பையில் பணத்தோடு போகும் விவசாயிகள் பறக்கும் படையிடம் மாட்டிக்கொள்கிறார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டுபோனால் வங்கியில் எடுத்த சீட்டு, பாஸ்புக், நெல் போட்ட ரசீது, இவற்றில் எது இருக்கிறதோ அதைக் கூடவே வைத்திருங்கள். பணத்தைப் பிடித்துவிட்டால் பதறாமல் ரசீது வாங்கிக்கொண்டு, மாவட்டத்தில் இதற்கென்றே இருக்கும் குழுவிடம் ஆதாரத்தோடு முறையிடலாம்.

வாக்குக்குப் பணம் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கொடுப்பவர் மட்டுமில்லை, வாங்குபவரும் குற்றவாளி. ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2016இல் தமிழகம் முழுவதும் மே மாதம் வாக்களித்தபோது, பண விநியோகப் புகாரால் தஞ்சாவூருக்கும் அரவக்குறிச்சிக்கும் தேர்தல் நடக்கவில்லை. நவம்பர் 19இல்தான் நடந்தது. குறுவைப் பட்டத்திலும் சம்பா தொடங்கிய நேரத்திலும் தஞ்சாவூரின் குறையைச் சட்டமன்றத்தில் சொல்ல அதன் உறுப்பினர் இல்லை. யாரோ சிலர் நீட்டிய பணத்துக்குத் தொகுதி முழுவதும் கொடுத்த விலை அது.

வேட்பாளரிடம் என்ன கேட்பது என்பதிலும் தவறுகிறோம். "காவிரியைக் கொண்டுவருவேன்" என்றால் கைதட்டிவிட்டு வந்துவிடுகிறோம். நீர்ப் பங்கீட்டைக் கவனிப்பது 2018இல் அமைந்த காவிரி நீர் மேலாண்மை ஆணையம். தனி ஒரு சட்டமன்ற உறுப்பினர் கையில் அது இல்லை. இடைத்தேர்தலில் வெல்பவருக்கு 5 ஆண்டும் கிடைக்காது, மிச்சமுள்ள காலம் மட்டும்தான். அதற்குள் நடக்கக்கூடியதைக் கேளுங்கள். கடைமடை வாய்க்கால் மேட்டூர் திறப்பதற்கு முன் தூர்வாரப்படுமா? கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைகள் மழையில் நனையாமல் இருக்க மேற்கூரை வருமா? ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியது என்று நெல்லைத் திருப்பும்போது தளர்வுக்குக் குரல் கொடுப்பாரா?

ராஜினாமா செய்தவரே மறுபடி நிற்கலாம், அதற்குச் சட்டத்தில் தடை இல்லை. அவரே ஓட்டுக் கேட்டு வந்தால், நாம் கொடுத்த பதவியை ஏன் பாதியில் விட்டீர்கள் என்று முதலில் கேளுங்கள்.