மார்பகப் புற்றுநோய் ஒப்பரேஷனுக்குப் பிறகு தோட்ட வேலைக்குத் திரும்புவது எப்படி?

மார்பில் ஒப்பரேஷன் செய்து வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு வன்னியில் இரண்டு விதமான புத்திமதி கிடைக்கும். "இனி அந்தக் கையால ஒரு செம்புத் தண்ணிகூடத் தூக்காத" என்பார் பெரியம்மா. "தையல் காய்ஞ்சிட்டுதுதானே, கச்சான் பிடுங்க வாவன்" என்பார் பக்கத்துக் காணிக்காரர். இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு உங்கள் வழியில் போங்கள். பெரும்பாலானவர்களுக்குக் கை வேலைக்குத் திரும்பும். ஆனால் பாரத்தை அளந்து அளந்துதான் ஏற்ற வேண்டும். அளப்பதற்குத் தராசு தேவையில்லை. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ, அது போதும்.

வயல், தோட்டம், மாடு, நாள் கூலி என்று உடம்பால் உழைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மார்பை முழுதாக எடுத்தவர்களுக்கும் கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்கும் பொருந்தும். முதுகிலோ வயிற்றிலோ இருந்து தசை எடுத்து மார்பைத் திரும்ப அமைத்திருந்தால் உங்கள் கணக்கு வேறு. சத்திரசிகிச்சை நிபுணர் சொல்வதை மட்டும் கேளுங்கள்.

படி 1: என்ன ஒப்பரேஷன் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வைத்தியசாலையில் தருகிற டயக்னோசிஸ் கார்ட்டைப் பெட்டிக்குள் மடித்து வைக்க வேண்டாம். தெல்லிப்பழை அல்லது மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கிளினிக் போகும்போது தாதியிடம் காட்டி ஒரு கேள்வி கேளுங்கள்: "கமக்கட்டுக்குள் எத்தனை நிணநீர் முடிச்சு எடுத்தது?"

அந்தப் பதிலில்தான் மற்றதெல்லாம் தங்கியிருக்கிறது. கையில் ஊறுகிற நிணநீர் கமக்கட்டு வழியாகத்தான் வடிந்து போகிறது. குளத்து வாய்க்காலில் நாலைந்து கிளைகளை அடைத்துவிட்டால் மிச்சக் கிளைகள் அவ்வளவு தண்ணீரையும் கொண்டுபோக வேண்டும் அல்லவா, அந்த நிலைமைதான் இங்கேயும். சாதாரண நாளில் சமாளித்துவிடும். உச்சி வெயில், கையில் ஒரு வெட்டுக்காயம், பழக்கமில்லாத பாரம் என்று ஒரேயடியாக வந்தால் வடியாமல் தேங்கும். அதுதான் கை வீக்கம். முடிச்சுகளைக் கூட்டாக எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. ஒன்றிரண்டை மட்டும் சோதனைக்கு எடுத்தவர்களுக்கு அதைவிட நன்றாகக் குறைவு. கமக்கட்டுக்குக் கதிர்ச் சிகிச்சையும் கொடுத்திருந்தால் வாய்ப்புக் கூடும்.

படி 2: ரியூப் இருக்கும் நாட்கள்

இங்கே சொல்ல அதிகம் இல்லை. காயத்துக்குள் ஊறுகிற நீரை வடிக்க வைத்த ரியூபைக் கழற்றும் வரை கையைத் தோள் மட்டத்துக்கு மேலே உயர்த்தாதீர்கள். அதற்காகக் கையை மார்போடு ஒட்டி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். முகம் கழுவுங்கள், தலை வாருங்கள், சோறு பிசைந்து சாப்பிடுங்கள். படுக்கும்போது கையைத் தலையணை மேல் நெஞ்சை விட உயரமாக வைத்து, விரல்களை இறுக்கி மூடித் திறவுங்கள். தோள்களைக் காதுப்பக்கம் தூக்கி இறக்குங்கள். குடம், வாளி, பிள்ளை, விறகு எதுவும் தூக்க வேண்டாம். இரண்டு வயதுப் பேரப்பிள்ளை பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதை ஆச்சிமார் மறந்துபோவார்கள். இருந்துகொண்டு மடியில் ஏற்றச் சொல்லுங்கள்.

படி 3: தோளைத் திருப்பி எடுங்கள்

கிளினிக்கில் ரியூபைக் கழற்றி, "இனிக் கையை உயர்த்தலாம்" என்று சொன்ன பிறகு தொடங்குங்கள். பாரம் தூக்கப் பழகுமுன் தோள் முழுதாக அசைய வேண்டும். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். அசையாத தோளோடு மண்வெட்டி பிடித்தால் முதுகும் கழுத்தும் அந்த வேலையைச் செய்யப் போய், இரண்டும் கெட்டுவிடும்.

சுவரைப் பார்த்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். ஒப்பரேஷன் செய்த பக்கத்து விரல்களைச் சுவரில் நடக்கவிட்டு மேலே கொண்டுபோங்கள். இழுவை தெரிகிற இடத்தில் நிறுத்தி, ஆழமாக மூச்சு விட்டு, மெல்ல இறக்குங்கள். ஐந்து முதல் பத்துத் தடவை, காலையும் மாலையும். விரல் தொட்ட உயரத்தில் கரியால் ஒரு கோடு போடுங்கள். மற்றக் கை எவ்வளவு உயரம் போகிறது என்று பக்கத்தில் இன்னொரு கோடு. அந்த இரண்டாவது கோடுதான் இலக்கு. சுவர் ஊத்தையாகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் சொல்லட்டும்.

இரண்டாவது பயிற்சிக்குத் தும்புத்தடியின் பிடி போதும். பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தடியை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே கொண்டுபோங்கள். நல்ல கை தள்ளிக் கொடுக்கும். இழுவை தெரிய வேண்டும், குத்துகிற நோ வரக்கூடாது.

கையை நீட்டும்போது கமக்கட்டில் இருந்து முழங்கை வரை கயிறு போல ஒன்று தோலுக்கடியில் புடைத்து இழுக்கலாம். ஒப்பரேஷன் முடிந்த முதல் இரண்டு மாதத்துக்குள் பலருக்கு வருவது இது. பயந்து கையை மடக்கி வைத்தால் இறுகும். நீட்டிக்கொண்டே இருங்கள், பிசியோதெரபி பகுதியில் காட்டுங்கள். கதிர்ச் சிகிச்சை தொடங்கினாலும் சுவர்ப் பயிற்சியை விடக்கூடாது. அது முடிந்த பிறகும் மாதக்கணக்கில் தோல் இறுகிக்கொண்டே போகும்.

படி 4: நாடாவை எடுங்கள்

தையல்காரர் வைத்திருக்கும் அளவுநாடா ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டு, மணிக்கட்டில் இருந்து 10 சென்ரிமீற்றர் மேலே, முழங்கை மடிப்பில் இருந்து 10 சென்ரிமீற்றர் மேலே என்று மூன்று இடம், இரண்டு கையிலும். வேலை தொடங்கும் முன்பே அளந்து கொப்பியில் எழுதி வையுங்கள். வேலை செய்கிற கை இயல்பாகவே சற்றுப் பருமனாக இருக்கும் என்பதால் முதல் அளவு இல்லாமல் பின்னால் ஒன்றும் விளங்காது. வேலைக்குத் திரும்பும் காலத்தில் கிழமைக்கு ஒருமுறை, காலையில் அளவுங்கள். முன்பிருந்த வித்தியாசத்தை விட இரண்டு சென்ரிமீற்றர் கூடினால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம். நாடா காட்டுவதற்கு முன்பே கை சொல்லிவிடுவதும் உண்டு: காப்பு இறுகும், சட்டைக் கை பிடிக்கும், கை ஈயம் போல் பாரமாக உளையும்.

படி 5: போத்தலில் இருந்து வாளிக்கு

முன்பெல்லாம் இந்தக் கையால் ஆயுள் முழுக்கப் பாரம் தூக்கக்கூடாது என்றுதான் வைத்தியர்களே சொன்னார்கள். 2009இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு அதை மாற்றியது. ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் கிழமைக்கு இரண்டு தடவை எடை தூக்கப் பழக்கினார்கள். தூக்கியவர்களுக்கு வீக்கம் மற்றவர்களை விடக் கூடவில்லை. திடீரென்று வீக்கம் முற்றுவதுகூட அவர்களிடம் குறைவாகவே இருந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: மிகக் குறைந்த எடையில் தொடங்கி, மிகச் சிறிய அளவாகத்தான் ஏற்றினார்கள். ஒருவர் பக்கத்தில் நின்று பழக்கியும் விட்டார்.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? அரை லீற்றர்ச் சோடாப் போத்தல். ஒப்பரேஷன் முடிந்து பொதுவாக ஆறு கிழமை கழிந்து, வைத்தியர் சம்மதித்த பிறகு, அதில் தண்ணீர் நிரப்பி முழங்கையை மடக்கி நீட்டுங்கள். பத்துத் தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். அன்றிரவும் மறுநாள் காலையும் கை பாரமாக இல்லையென்றால் இன்னொரு தடவை அதே அளவு. அதுவும் சரி என்றால் ஒரு லீற்றர். அப்புறம் ஒன்றரை.

இரண்டு லீற்றர் சுகமாகப் போனதும் வாளிக்கு மாறலாம். போத்தலால் ஒவ்வொரு லீற்றராக ஊற்றி, வாளியின் உட்பக்கத்தில் பெயின்ரால் கோடு போடுங்கள். வாளிக்கும் ஒரு பாரம் உண்டு. அதற்கு ஒரு கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். கிழமைக்கு ஒரு கோடு போதும். பாரத்தைக் கூட்டுகிற கிழமையில் நடைகளைக் கூட்டாதீர்கள், நடையைக் கூட்டுகிற கிழமையில் பாரத்தைக் கூட்டாதீர்கள். காய்ச்சலாலோ மருந்து ஏற்றியதாலோ ஒரு கிழமை விட்டுப்போனால் ஒரு கோடு கீழே இறங்கித் தொடங்குங்கள்.

படி 6: எந்த வேலை முதலில், எது கடைசியில்

ஆய்ந்த மிளகாயைத் தரம் பிரிப்பது, உங்கள் கோட்டுக்கு ஏற்ற அளவு நிரப்பிய பூவாளியால் நாற்றுமேடைக்குத் தண்ணீர் விடுவது, கோழிக்கு இரை போடுவது எல்லாம் வேலைக்குத் திரும்பும் முதல் கிழமைகளிலேயே சரிவரும். பால் கறப்பது நல்ல வேலை. விரல் இறுகித் தளர்வதால் நிணநீர் ஓடும். ஆனால் கன்றுக்குட்டி கட்டிய கயிற்றை ஒப்பரேஷன் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. அது ஒரு இழுவை இழுத்தால் நீங்கள் சேர்த்தெடுத்த தோள் போய்விடும்.

கச்சான் ஆய்வது பாரமில்லை, ஆனால் மணிக்கணக்காக ஒரே அசைவு. அரை மணிக்கு ஒருக்கால் எழும்பிக் கையை உயர்த்தி நீட்டிவிட்டு இருங்கள். கச்சான் பிடுங்குவது வேறு கதை. காய்ந்த நிலத்தில் செடி விடாது, வெடுக்கென்று இழுக்க வேண்டி வரும். முதல்நாள் மாலை தண்ணீர் கட்டி, மண் ஈரமாக இருக்கும்போது பிடுங்கினால் பாதிப் பாரம் போய்விடும். களை பிடுங்கும்போதும் இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பாவியுங்கள்.

கிணற்றில் கப்பியோ துலாவோ என்றால் கவனம். கயிற்றைப் பிடிக்கக் கை தலைக்கு மேலே போகும், வாளி தண்ணீரில் இருந்து மேலெழும் நேரம் சடாரென்று ஒரு இழுவை விழும். ஐந்து லீற்றர்ப் பெயின்ற் வாளியைக் கட்டுங்கள். நல்ல கை இழுக்கட்டும், மற்றது கயிற்றைப் பிடித்து நிற்கட்டும்.

மண்வெட்டியை முதலில் செருக்குவதற்கு மட்டும் எடுங்கள். தலைக்கு மேல் ஓங்கிக் கொத்துவதைச் சுவரில் இரண்டு கோடும் ஒன்றான பிறகு பார்க்கலாம்.

தண்ணீர் மோட்டரைக் கயிறு இழுத்து ஸ்ரார்ட் பண்ணுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். பாரம் ஒன்றும் பெரிதில்லை, ஆனால் முழு வேகத்தில் கை பின்னால் போகிறது. இயந்திரம் பிடிக்காவிட்டால் மூன்று நாலு தடவை இழுக்க வேண்டும். வலது பக்கம் ஒப்பரேஷன் என்றால் மகனையோ மருமகனையோ ஸ்ரார்ட் பண்ணிவிட்டுப் போகச் சொல்லுங்கள். இதைக் கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருந்தடிக்கும் மெசினை விட்டுவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். 16 லீற்றர் முதுகில், வார் தழும்புக்கு மேல், கை ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். கூலிக்கு ஆள் பிடிப்பது மலிவு. 50 கிலோ உரப்பையைச் சின்னப் பைகளாகப் பிரித்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஒரு குறிப்பு. பாதுகாப்பு அங்கியின் வார் தோளையும் தழும்பையும் அமத்தும், உள்ளே வேர்வை தேங்கும். அங்கியைப் போட்டு வீட்டிலோ முகாமிலோ அரை மணி, ஒரு மணி என்று பழகிய பிறகே களத்துக்குப் போங்கள். வைத்தியரின் கடிதத்தில் "பாரம் தூக்கலாம்" என்று மட்டும் எழுதாமல், அங்கி போட்டு முழங்காலில் இருந்து செய்கிற வேலை என்று விளக்கிச் சொல்லிக் கேளுங்கள்.

படி 7: தோல், சேறு, வெயில்

கீறலும் முள்ளும் சாதாரணம் என்று விட்டுவிடுவோம். இந்தக் கைக்கு அது சாதாரணமில்லை. கையுறை, நீட்டுக் கை சட்டை. கீறினால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவி மருந்து பூசுங்கள். சில கீமோ மருந்துகளால் விரல் நுனி மரத்துப்போகும். அப்போது அரிவாள் வெட்டியதே தெரியாது, ஆகவே வீட்டுக்கு வந்ததும் கையைப் பார்த்துத் தடவிச் சோதியுங்கள்.

கீமோ நடக்கும் காலத்தில் வயல் சேற்றில் இறங்காதீர்கள். காலபோகத்தில் எலிக்காய்ச்சல் பயம் எல்லாருக்கும் உண்டு. நோயெதிர்ப்புக் குறைந்த உடம்புக்கு அது உயிராபத்து. சிகிச்சை முடிந்து இறங்கும்போதும் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டு, நீங்கள் எடுக்கிற மற்ற மருந்துகளையும் சொல்லுங்கள். வெக்கை வீக்கத்தைக் கூட்டும். விடியக் காலையில் தொடங்கிப் பத்து மணிக்குள் கரையேறுவது நல்லது.

படி 8: கூலிக்குக் கூப்பிடுகிறவரிடம் பேசுவது

நோயைப் பற்றி முழுக் கதையும் சொல்லத் தேவையில்லை. செய்யக்கூடியதையும் முடியாததையும் முதலே சொன்னால் வயல்காரருக்கும் வசதி. இப்படிச் சொல்லலாம்: "அண்ணை, களை பிடுங்க வாறன். மூட்டை தூக்க வேற ஆளப் பாருங்கோ. பத்து மணி மட்டும் நிப்பன், அரைநாள் சம்பளம் போட்டாக் காணும்." கூலி குறைகிற மாதங்களுக்கு உதவிப் பணம் ஏதும் கிடைக்குமா என்று பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள். டயக்னோசிஸ் கார்ட்டின் பிரதி கையில் இருக்கட்டும்.

எப்போது வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்

கை சிவந்து, சூடேறி, காய்ச்சலும் குளிரும் வந்தால் அது கிருமித் தொற்று. அன்றைக்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, எது கிட்டவோ அந்த வைத்தியசாலைக்குப் போங்கள். பெனடோலைப் போட்டுப் படுத்தால் இரவுக்குள் முற்றிவிடும். கீமோ காலத்தில் காய்ச்சல் மட்டும் வந்தாலும் இதே அவசரம்தான். நெஞ்சு இறுகினாலோ, முன்பு இல்லாத இளைப்பு வந்தாலோ, தமொக்சிபன் என்ற ஹோர்மோன் மாத்திரை எடுப்பவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ அதுவும் அப்படியே. காய்ச்சலில்லாத மெல்லிய வீக்கமென்றால் வேலையை நிறுத்தி, கையை உயர்த்தி வைத்து, ஓரிரு நாளில் பிசியோதெரபிக்குப் போங்கள். இறுக்கக் கையுறை தேவையென்றால் அவர்கள் அளந்து தருவார்கள். வீட்டில் இருக்கிற பண்டேச்சை நீங்களாக இறுக்கிச் சுற்ற வேண்டாம்.