கிராம சபையில் கையெழுத்துப் போடும் முன்

போன மே 1 கிராம சபையில் ஒரு தம்பி எழுந்தார். கோயம்புத்தூரில் வேலை, ஓட்டு மட்டும் ஊரில். போனில் குறிப்பு எழுதிக்கொண்டு வந்திருந்தார். வரத்து வாய்க்கால், எரியாத தெருவிளக்கு, அங்கன்வாடிக் கூரை என்று ஒவ்வொன்றாகப் பேசினார். நன்றாகவே பேசினார். கைதட்டல் வேறு. மேடையில் இருந்தவர்கள் "செஞ்சிடலாம் தம்பி" என்றார்கள். அவரும் சந்தோஷமாக மத்தியான பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வரும்போதே அவர் வாசல் மேசையில் ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அதே மாதிரி ஒரு மேசையில், அதே மாதிரி ஒரு தாளில் நானும் போட்டேன். அதனால்தான் கிராம சபையில் நாம் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

நேரத்துக்கு வாருங்கள், குடித்துவிட்டு வராதீர்கள், சண்டை போடாதீர்கள் என்பதெல்லாம் இதில் இருக்காது. அது உங்களுக்கே தெரியும்.

புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கமாக: ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியலமைப்புத் திருத்தமும், 1994-ம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கொடுத்த இடம் அது. முன்பு வருடத்துக்கு நான்கு கூட்டம்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறாகிவிட்டது. தலைவரின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் இருக்கும் ஊரிலும் கூட்டம் உண்டு. சென்னைக்கு ஓட்டை மாற்றிக்கொண்டவர்கள் வந்து வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

வெள்ளைத் தாளில் கையெழுத்து

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். இன்னும் ஆறவில்லை.

எங்கள் ஊர் ஏரிக்கு வரும் வாய்க்கால் பாதி தூரம் மண்மேடாகக் கிடந்தது. மழைக்கு முன்னால் அளந்து, கல் நட்டு, தூர்வார வேண்டும் என்று கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பேசினோம். எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. "தீர்மானம் போட்டாச்சு" என்று மைக்கில் சொன்னார்கள். கலைந்து போனோம். டீக்கடையில் அன்றைக்கு என் செலவில் எல்லோருக்கும் வடை.

ஆறு மாதம் ஆனது. ஒரு மண்வெட்டி கூட விழவில்லை. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால், "அப்படி ஒரு தீர்மானமே வரலையே" என்றார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டு நகல் வாங்கினேன். வாய்க்கால் பற்றி இருந்தது இவ்வளவுதான்: "ஊரின் பொதுத் தேவைகள் குறித்து விவாதிக்கப்பட்டது. ஆவன செய்ய முடிவு செய்யப்பட்டது." அதற்கு இரண்டு எண் தள்ளி, அன்றைக்குக் கூட்டத்தில் ஒருவர் வாயிலும் வராத ஒரு தீர்மானம்: நாலே வீடு உள்ள ஒரு சந்துக்குப் பேவர் பிளாக். கீழே இருநூற்றுச் சொச்சம் கையெழுத்து. பதினேழாவது என்னுடையது.

மேலே மனு போட்டேன். பதில் வந்தது. "மேற்படி தீர்மானத்தில் மனுதாரரும் கையொப்பமிட்டுள்ளார்." மனு முடித்துவைக்கப்பட்டது. இந்த ஒரு வரியை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் அதில் பொய் இல்லை. நான்தான் போட்டேன். அதற்குள் இரண்டு மழை போய்விட்டது. மண்மேட்டின் மேல் யாரோ மாட்டுக்கொட்டகைக்குக் கடைக்கால் போட்டுவிட்டார்கள். அதை எடுக்கவைக்க அலைந்த அலைச்சல் தனிக் கதை.

இதை முழுக்கத் திருட்டு என்று சொல்ல மாட்டேன். கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் குறைவெண் வரம்பு, அதாவது குறைந்தது இத்தனை பேர் என்ற கணக்கு, நிறைய வேண்டும். மக்கள் தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். எங்களுக்கு 200. பாதிப் பேர் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள் என்று ஊராட்சி செயலருக்குத் தெரியும். அதனால் வாசலிலேயே கையெழுத்து வாங்கிவிடுகிறார். மேலிடத்தில் இருந்து வந்த கூட்டப்பொருள் பட்டியலே ஒரு பக்கத்துக்கு மேல் போகும்; அது முன்கூட்டியே டைப் ஆகி இருக்கும். ஊர்க்காரர்கள் பேசியதை "அப்புறமா எழுதிக்கலாம்" என்று விடுவார். அந்த அப்புறம் எப்போது, யார் வீட்டில், யார் பக்கத்தில் உட்கார்ந்து என்பதுதான் கேள்வி. பாதி சோம்பல், பாதி வேலைப்பளு, மிச்சம் இருப்பது மற்றது. எதுவாக இருந்தாலும் உங்கள் கையெழுத்துக்கு மேலே இருக்கும் வெள்ளை இடம் அவர்களுடையதாகிவிடுகிறது.

இப்போது நான் செய்வது இது. வாசலில் நீட்டும் தாளில் தேதியும் "வருகைப் பதிவு" என்ற தலைப்பும் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் நானே தேதி போட்டு "வருகைக்கு மட்டும்" என்று எழுதுவேன். முதல் தடவை முறைத்தார்கள். இப்போது நாற்பது ஐம்பது பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

அடுத்து, தீர்மான வாசகத்தை வீட்டிலேயே எழுதி இரண்டு பிரதி கொண்டுபோவேன். ஒன்று செயலருக்கு, ஒன்று அன்றைக்குக் கூட்டத்தைப் பார்வையிட வரும் அதிகாரியான பற்றாளருக்கு. எழுதும் வேலை மிச்சமாகிறது என்று செயலருக்கே சந்தோஷம். வாசகத்தில் "ஆவன செய்ய", "பரிசீலிக்க", "உரிய நடவடிக்கை" மூன்றும் வரக் கூடாது. அவை அலுவலக மொழியில் ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதற்கான மரியாதையான சொற்கள். புல எண் (சர்வே நம்பர்), எங்கிருந்து எங்கே வரை, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், எந்த நிதியில் என்பது வர வேண்டும். "வாய்க்காலைச் சரிசெய்ய வேண்டும்" என்பது ஆசை. "இன்ன புல எண்ணில் உள்ள ஏரி வரத்து வாய்க்காலை அளந்து எல்லைக்கல் நட வட்டாட்சியரைக் கேட்டுக்கொள்வது எனவும், அக்டோபர் முதல் வாரத்துக்குள் தூர்வாரும் பணியை எடுக்க ஒன்றியத்துக்குப் பரிந்துரைப்பது எனவும் இக்கிராம சபை தீர்மானிக்கிறது" என்பது தீர்மானம்.

பிறகு, வாசிக்கச் சொல்ல வேண்டும். கலையும் முன், தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை மைக்கில் வாசிக்க வேண்டும். இதை நான் கேட்டால் வம்புக்காரன். எங்கள் தெரு அத்தை ஒருவர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அவர் எழுந்து, "எனக்குப் படிக்கத் தெரியாது, என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுக் காட்டு சாமி" என்பார். அதற்கு மறுப்புச் சொல்ல எந்த அதிகாரியாலும் முடியாது. சட்டப் பிரிவை மேற்கோள் காட்டி நான் நாலு வருடத்தில் சாதிக்காததை அவர் ஒரு நாளில் சாதித்தார்.

வாசித்த பிறகு, கடைசி வரிக்கு ஒட்டிய மாதிரி கையெழுத்து. நடுவில் இடம் இருந்தால் குறுக்கே கோடு. போனில் ஒரு படம். அவ்வளவும் சேர்த்து கால் மணி நேரம்கூட ஆகாது.

யார் வீட்டுச் சொத்து என்று தெரியாமல் திட்டுவது

ஒரு தடவை ரோட்டுக் குழிக்காகத் தலைவரை அரை மணி நேரம் வறுத்தெடுத்தோம். பாவம், அது நெடுஞ்சாலைத் துறை ரோடு. அவர் நினைத்தாலும் அதில் ஒரு கூடை ஜல்லி போட முடியாது. ஊருக்குள் இருக்கும் ரோட்டிலேயே ஊராட்சி ரோடு, ஒன்றிய ரோடு, நெடுஞ்சாலை என்று மூன்று வகை உண்டு. ஏரியும் அப்படித்தான். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்குள் இருந்தால் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்து ஏரி. அதற்கு மேல் போனால் நீர்வளத் துறை. தவறான துறைக்கு எழுதிய தீர்மானம் "எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்ற ஒரே வரியோடு திரும்பி வர மூன்று மாதம் ஆகும். கிராம நிர்வாக அலுவலரிடம் முந்தின வாரமே போய்க் கேட்டுவிடுங்கள்.

எந்தப் பணம் என்று பார்க்காமல் கேட்பது

ஊராட்சியின் பணம் எல்லாம் ஒரே உண்டியலில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். 15-வது நிதி ஆணையம் 2021–26 காலத்துக்குக் கிராம உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி: பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு. மிச்சம் 40 சதவீதத்தில்தான் ஊர் தன் விருப்பத்தைப் பார்க்க முடிந்தது, அதிலும் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று இருந்தது. கலையரங்கத்துக்குச் சுற்றுச்சுவர் கேட்டு ஒரு கூட்டத்தை வீணடித்தோம். பணம் இருந்தது, ஆனால் அது கழிவுநீர்க் கால்வாய்க்கான பணம். எங்கள் தெருவில் கழிவுநீர்க் கால்வாயும் இல்லை! அதைக் கேட்டிருந்தால் அந்த வருடமே வந்திருக்கும்.

சொந்தப் பட்டாவைத் தூக்கிக்கொண்டு வருவது

அதற்குத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள் இருக்கிறது.

"ஊழல்" என்று பொதுவாகக் கத்துவது

கத்தலாம், ஒன்றும் ஆகாது. வரவு செலவைப் படிவம் 30-ல் போட்டு வைத்திருப்பார்கள். பல ஊர்களில் பிளக்ஸே கட்டுகிறார்கள். அதன் முன்னால் நின்று செல்பி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், படிப்பவர்களைப் பார்த்தது குறைவு. அதில் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். "தெருவிளக்குப் பராமரிப்புன்னு இவ்வளவு போட்டிருக்கே, எந்தெந்தக் கம்பம்?" இந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் மழுப்ப முடியாது, ஏனென்றால் கம்பம் எல்லோர் வீட்டு வாசலிலும் நிற்கிறது. திட்டாமல், குரல் உயர்த்தாமல் கேளுங்கள். தெரியாத விவரத்தைத் தெரிந்த மாதிரி பேசி மாட்டிக்கொண்டால் அடுத்த மூன்று கூட்டத்துக்கு உங்கள் பேச்சு எடுபடாது. எனக்கு நடந்தது.

நீளமாகப் பேசுவது

இரண்டு நிமிடம். அதற்குள் முடிக்காவிட்டால் டீ வந்துவிடும்.

தீர்மானம் போட்டால் போதும் என்று நம்புவது

நியம்கிரி மலைக் கதையைச் சொல்லாத ஆள் கிடையாது. 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, ஒடிசாவில் 12 கிராம சபைகள் கூடி, பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கம் நின்றது. உண்மைதான். ஆனால் அங்கே வன உரிமைச் சட்டம் இருந்தது, நீதிமன்றத்தின் உத்தரவு இருந்தது. நம் ஊரில் போடும் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அந்த எடை இல்லை. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022-ல் இருந்து எத்தனை தடவை தீர்மானம் போட்டிருக்கிறார்கள்! திட்டம் கைவிடப்படவில்லை. மதுரை அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பரில் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. அடுத்த மாதம் சட்டமன்றமே தீர்மானம் போட்டது, ஜனவரியில் ஆயிரக்கணக்கானவர்கள் மதுரைக்கு நடந்தார்கள், அந்த மாதமே ஏலம் ரத்தானது. அங்கே தீர்மானம் முதல் படி. அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்த கால்கள்தான் மிச்ச வேலையைச் செய்தன.

நம் வாய்க்காலுக்கு மதுரை வரை நடக்க வேண்டாம். ஒன்றிய அலுவலகத்துக்கு மாதம் ஒரு தடவை போனால் போதும். ஒரே முகம் திரும்பத் திரும்ப வருவதை அலுவலகங்களுக்குப் பிடிக்காது. அந்த முகத்தை அனுப்புவதற்காகவே சில வேலைகள் நடக்கும்.

செயலரைப் பகைத்துக்கொள்வது

தலைவர் ஐந்து வருடம். செயலர் பல வருடம்.

நகல் வாங்காமல் விடுவது

கூட்டம் முடிந்த வாரமே தகவல் உரிமைச் சட்டப்படி தீர்மான நகல் கேட்டு எழுதிவிடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்த ஊரில் தீர்மானம் கொஞ்சம் ஒழுங்காக எழுதப்படுகிறது, இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கோயம்புத்தூர்த் தம்பியிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். முதலில் நம்பவில்லை. மே 1 தீர்மானத்தின் நகல் வந்ததும் அவரே கூப்பிட்டார். அங்கன்வாடிக் கூரை அதில் இல்லவே இல்லை. இப்போது ஆகஸ்ட் 14 ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டார். தீர்மான வாசகத்தை எழுதி எனக்கு அனுப்பியும் இருக்கிறார். நல்ல வாசகம்தான், புல எண் எல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டு இடத்தில் மட்டும் "ஆவன செய்ய" என்று இருந்தது. அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.