மஞ்சள் கொழுப்பைக் கண்டு ஒதுக்காதீர்கள்

வன்னியில் மாட்டிறைச்சி வாங்கப் போனால் முதலில் கொழுப்பைப் பாருங்கள். குளக்கரையில் பச்சைப் புல் மேய்ந்த மாட்டின் கொழுப்பு இளமஞ்சளாக இருக்கும். அது பழுதல்ல, புல்லில் உள்ள பீட்டா கரோட்டின் தரும் நிறம். தானியம் தின்று கொழுத்ததில் வெள்ளையாக இருக்கும். ஆட்டில் இந்த அடையாளம் பார்க்க வேண்டாம், அதன் கொழுப்பு எப்படியும் வெள்ளைதான்.

மேய்ந்த மாட்டில் கொழுப்புக் குறைவு, ருசி அழுத்தம். ஆனால் அவசரப்பட்டால் நார்நாராக இறுகிவிடும். உப்பும் கறித்தூளும் பிரட்டி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மூடிபோட்டு மெல்லிய தீயில் வேகவிடுங்கள். அகப்பையால் அழுத்தினால் துண்டு பிரிய வேண்டும், அதுதான் பதம். தானியம் தின்றது மெதுமை, சீக்கிரம் வெந்துவிடும்.

ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு மேய்ந்த மாட்டில் அதிகம்தான், சரி. அதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். முல்லைத்தீவுக் கடலில் பிடித்த சூடை மீனில் அது பல மடங்கு இருக்கிறது.