நாலு வயசு மகளோடு பிளாக் தண்டரில் ஒரு நாள்

பிளாக் தண்டர் நீர் விளையாட்டுப் பூங்கா இருக்கும் மேட்டுப்பாளையத்துக்குக் கிளம்பும் முன்னாடியே பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்துவிடுங்கள். பெரிய சறுக்குகளுக்கு உயரம்தான் கணக்கு. ஆசையாக வரிசையில் நின்றபிறகு அளவுகோல் பக்கத்தில் திருப்பி அனுப்பினால் பிஞ்சு மனசு தாங்காது. போன வருஷம் வேறொரு பூங்காவில் என் மகள் அரைமணி நேரம் தேம்பித் தேம்பி அழுதாள்.

பருத்தித் துணி நனைந்தால் கனக்கும். நைலான் உடை 2 செட் எடுங்கள். சட்டை உள்பக்கம் அழியாத பேனாவால் உங்கள் செல் நம்பரை எழுதுங்கள்.

ஆழமில்லாத குளத்திலும் கைக்கெட்டும் தூரத்திலேயே நில்லுங்கள், போனைப் பையில் வைத்துவிட்டு. உதடு நீலம் பாரித்துப் பல் கிட்டினால், "இன்னும் ஒரே தடவைம்மா" என்று கெஞ்சினாலும் தூக்கிவந்து துவட்டி, பால் கொடுங்கள். மதியத் தூக்கத்துக்கு மரநிழலில் ஒரு துண்டு போதும்.