ஆயில் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

பழைய எக்ஸ்கவேட்டர், லோடர் வண்டிகளில் ஹைட்ராலிக் ஆயில் எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. சொட்டுகிற இடத்தை நம்பாதீர்கள். மேலே ஒரு ஃபிட்டிங்கில் (ஹோஸ் இணைப்பில்) கசியும் ஆயில், ஹோஸ் வழியாக வழிந்து எங்கோ தள்ளி சேஸிஸ் விளிம்பில் வந்து சொட்டும்.

முதலில் கழுவுங்கள். வருஷக்கணக்கில் படிந்த கிரீஸும் மண்ணும் இருக்கும்வரை எதுவும் தெரியாது. நன்றாகக் காய்ந்ததும் சந்தேகப்படும் இணைப்புகள்மேல் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு, ஆயில் சூடேறும்வரை வண்டியை ஓட்டி, பூம், பக்கெட் எல்லாவற்றையும் லோடோடு இயக்குங்கள். சில கசிவுகள் சூட்டிலும் பிரஷரிலும் மட்டும்தான் தலைகாட்டும். பவுடரில் முதலில் கறுக்கும் புள்ளிதான் நீங்கள் தேடும் ஆள்.

ஹோஸைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசிமுனைத் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் கையுறையையும் துளைத்துத் தோலுக்குள் இறங்கிவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் பெரிதாக இருக்காது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்க நேரலாம். நீளக் குச்சியில் அட்டைத் துண்டைக் கட்டி நீட்டிப் பாருங்கள்.

இடம் தெரிந்ததும் ஸ்பேனரால் முறுக்கத் தோன்றும். வேண்டாம். பழைய வண்டியில் பெரும்பாலும் இணைப்புக்குள் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இறுகிக் கட்டையாகியிருக்கும். முறுக்கினால் த்ரெட்தான் போகும். பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, லிவர்களை அசைத்துப் பிரஷரை இறக்கிய பிறகு கழற்றுங்கள். கசிவது சிலிண்டர் சீல் என்றால், புதுசு போடுமுன் ராடை (சிலிண்டருக்குள் போய்வரும் தண்டை) நகத்தால் தடவுங்கள்: நகம் மாட்டுகிற அளவு கீறல் இருந்தால் புது சீலும் தாங்காது.