பழைய கார் எக்ஸாஸ்ட், கம்மி செலவுல மாத்த
எடுத்த எடுப்புலயே மேனிஃபோல்டுல (இன்ஜின்லேர்ந்து வர்ற புகைய சேத்து பைப்புக்கு அனுப்புற பாகம்) கை வைக்காதீங்க, வெடிப்பு இல்லன்னா அது அப்படியே இருக்கட்டும், அத இன்ஜினோட பிடிச்சிருக்குற துருப்பிடிச்ச ஸ்டட் (போல்ட் மாதிரி) ஒண்ணு உடைஞ்சா பட்ஜெட் அங்கயே போயிடும். காச பைப்புலயும் சைலன்சர்லயும் போடுங்க. ஸ்டெயின்லெஸ் 304 (துரு சுலபமா ஏறாத ஸ்டீல் ரகம்) கட்டுப்படியாகலன்னா அலுமினியம் கோட்டிங் போட்ட ஸ்டீலே போதும், சாதா ஸ்டீல விட நல்லா உழைக்கும், ஆனா வெல்டிங் வச்ச இடத்துல அந்த கோட்டிங் எரிஞ்சு போயிடும், அங்கதான் முதல்ல துரு ஏறும், அதனால சூடு தாங்குற பெயிண்ட் கட்டாயம் அடிச்சிடுங்க. வளைவுல பைப் நசுங்காம இருக்கணும், அதுக்கு மாண்ட்ரல் பெண்டா (உள்ள தண்டு விட்டு வளைச்சது) கேட்டு வாங்குங்க. பைப் சைஸ சும்மா பெருசாக்காதீங்க, சத்தம்தான் கூடும். பைப்ப தொங்கவிட்டு தாங்குற ரப்பர் ஹேங்கர் புதுசு போடுங்க. மாட்டினதும் திறந்த இடத்துல ஸ்டார்ட் பண்ணி, பைப் சூடாகுறதுக்குள்ள ஜாயிண்ட்ல சோப்புத்தண்ணி தெளிச்சு பாருங்க, லீக் இருந்தா நுரை கிளம்பும். கார்புரேட்டர் வண்டின்னா பெட்ரோல்-காத்து மிக்சர் செட்டிங்கும் பாத்துடுங்க.